மின்சாரக் காரின் பேட்டரி நீண்ட நாள் உழைக்க என்ன வழி?



பெட்ரோல் இல்லாமல், புகை விடாமல், சத்தம் போடாமல் ஓடும் கார்களை இப்போது நம்ம ஊர் மெயின் ரோட்டிலேயே பார்க்கிறோம். நம்பர் பிளேட் பச்சையாக இருந்தால் அது மின்சார வண்டி. பச்சையில் வெள்ளை எழுத்து என்றால் சொந்த வண்டி, மஞ்சள் எழுத்து என்றால் வாடகை வண்டி. இந்தக் காரில் மிகவும் விலை கூடிய பொருள் எது தெரியுமா? சீட்டுக்கு அடியில் படுத்திருக்கும் பேட்டரிதான்!

எங்க மாமா பேங்கில் லோன் போட்டு, மஞ்சள் எழுத்து வண்டி ஒன்று வாங்கி ஓட்டுகிறார். தவணை முடிய இன்னும் நாலு வருஷம் இருக்கிறது. லோன் தீர்வதற்குள் பேட்டரி தீர்ந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அத்தைக்குக் கவலை. அதனால் மாமா வண்டியோடு வந்த புத்தகத்தை வாசித்தும், அறிவியல் டீச்சரிடம் கேட்டும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

பேட்டரி தளர்ந்தால் என்ன ஆகும்?

பேட்டரியின் கொள்ளளவைக் கிலோவாட் மணி என்று சொல்வார்கள். பயப்பட வேண்டாம். நம்ம வீட்டு கரண்ட் பில்லில் வரும் 1 யூனிட்தான் 1 கிலோவாட் மணி. 30 யூனிட் பிடிக்கும் பேட்டரி என்று வைத்துக்கொள்வோம். ஒரு யூனிட்டுக்கு 6 கி.மீ. ஓடினால் மொத்தம் 180 கி.மீ. போகலாம். நம்ம ஊரிலிருந்து மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போய்த் திரும்ப 150 கி.மீ. வழியில் எங்கும் நிற்காமல் வந்துவிடலாம்.

சில வருஷம் கழித்து அதே பேட்டரி 24 யூனிட்தான் பிடிக்கிறது என்றால் 144 கி.மீ.தான் ஓடும். இப்போது ஆஸ்பத்திரிக்குப் போனால் வீடு திரும்ப முடியாது. வண்டி ஓடத்தான் செய்யும், ஆனால் அந்தச் சவாரி மாமா கையை விட்டுப் போய்விடும். வாடகை வண்டிக்காரர்களுக்கு இது பெரிய நஷ்டம் இல்லையா?

பெரியவர்கள் சொல்வது சரியா?

"பேட்டரியை முழுசாக் காலி பண்ணிட்டுத்தான் சார்ஜ் போடணும்" என்று சிலர் சொல்வார்கள். "எப்பவும் ஃபுல்லாவே வச்சிருக்கணும்" என்று வேறு சிலர் சொல்வார்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் பழகிய பேட்டரி வேறு, அவ்வளவுதான்.

பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிகளை அடிக்கடி பாதியில் சார்ஜ் போட்டால் திறன் குறைவது உண்டு. அதனால் வந்தது முதல் யோசனை. இன்வெர்ட்டரிலும் பஸ்ஸிலும் இருக்கும் ஈய அமில பேட்டரி காலியாகக் கிடந்தால் கெட்டுவிடும். அதனால் வந்தது இரண்டாவது யோசனை. 2001-இல் பெங்களூரிலிருந்து வந்த ரேவா என்ற குட்டி மின்சாரக் காரில்கூட ஈய அமில பேட்டரிதான் இருந்தது.

இன்றைய கார்களில் இருப்பது லித்தியம் அயனி பேட்டரி. 1991-இல் ஜப்பானின் சோனி கம்பெனி இதை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. இதை உருவாக்கிய ஜான் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அப்போது குடினஃப் அவர்களுக்கு வயது 97! நம்ம செல்போனில் இருப்பதும் இதே வகை பேட்டரிதான்.

உள்ளே என்ன நடக்கிறது?

லித்தியம் அயனிகள் பஸ் பயணிகள் மாதிரி. சார்ஜ் ஏறும்போது ஒரு பக்கத்திலிருந்து புறப்பட்டு மறுபக்கம் உள்ள கிராஃபைட் அடுக்குகளுக்குள் போய் உட்காரும். வண்டி ஓடும்போது திரும்பி வரும்.

காலி பஸ்ஸில் சட்டென்று ஏறி உட்காரலாம். கூட்டம் சேர்ந்த பிறகு ஏறினால் இடித்துப் பிடித்துத்தான் போக வேண்டும். அதனால்தான் வேக சார்ஜரில் 80 சதவீதம் வரை மளமளவென்று ஏறி, அதற்கு மேல் மெதுவாக ஏறுகிறது.

சரி, பேட்டரி ஏன் தளர்கிறது? போர் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக உப்பு படியுமே, பார்த்திருப்பீர்கள். அது மாதிரி கிராஃபைட்டின் மேல் ஒரு மெல்லிய படலம் உண்டாகிறது. முதலில் அது பாதுகாப்புக்குத் தேவை. ஆனால் வருஷம் போகப் போகத் தடித்து, லித்தியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டு விடுகிறது. பயணிகள் குறைந்தால் வசூலும் குறையும் இல்லையா? அதே கதைதான். இதை அடியோடு நிறுத்த முடியாது, மெதுவாக்கலாம்.

மூன்று எதிரிகள்

முதல் எதிரி வெயில். சூடு கூடினால் வேதிவினை வேகமாகும் என்று நாம் படித்திருக்கிறோம். 2010-இல் வந்த நிசான் லீஃப் காரின் பேட்டரியில் குளிர்விக்கும் திரவ ஏற்பாடு இல்லை. அமெரிக்காவில் அரிசோனா என்ற பாலைவன மாநிலத்தில் அதை வாங்கியவர்கள் பேட்டரி சீக்கிரம் குறைகிறது என்று 2012-இல் புகார் செய்தார்கள். பிறகு அந்தக் கம்பெனி சூட்டைத் தாங்கும்படி பேட்டரியை மாற்றியது. இப்போது பல கார்களில் பேட்டரியைச் சுற்றிக் குளிர்விக்கும் திரவம் ஓடுகிறது. நார்வே மாதிரி குளிர் நாடுகளில் உறைபனியில் வேகமாக சார்ஜ் போடுவது ஆபத்து. நமக்கோ கத்திரி வெயில்தான் ஆபத்து.

இரண்டாவது எதிரி எப்போதும் 100 சதவீதத்திலேயே நிற்பது. நிறைந்த பேட்டரியில் மின்னழுத்தம் அதிகம். அந்த நிலையில் உள்ளே இருக்கும் திரவம் சீக்கிரம் சிதையும். நிறைந்தும் இருந்து வெயிலிலும் நின்றால் இரட்டைக் கேடு. மாமா 80-இல் சார்ஜரை நிறுத்துவதைப் பார்த்த எங்க அப்பத்தா, "ஏன் மாப்ள, முக்கா வயிறோட நிப்பாட்டுறீக?" என்று கேட்டது. "முக்கா வயிறு சாப்பிட்டாத்தான் அத்தை நோய் வராது" என்றார் மாமா. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு!

மூன்றாவது எதிரி பூஜ்யம் வரை இறக்குவது. 100-இலிருந்து 0 வரை ஒரேயடியாக ஓட்டுவதைவிட, நடுவில் கொஞ்சம் கொஞ்சமாகப் பயன்படுத்துவது பேட்டரிக்கு நல்லது. அடிக்கடி சார்ஜ் போட்டால் சுற்று கூடிவிடுமே என்று நினைக்க வேண்டாம். 50 சதவீதம் வீதம் இரண்டு தடவை போட்டால்தான் ஒரு முழுச் சுற்று என்று கணக்கு.

என்ன செய்யலாம்?

1. அன்றாட ஓட்டத்துக்கு 20-க்கும் 80-க்கும் நடுவில் வைத்துக்கொள்ளலாம். 30 யூனிட் பேட்டரியில் இது 18 யூனிட், அதாவது 108 கி.மீ. மாமாவின் பள்ளிச் சவாரிக்கும் ஸ்டேஷன் சவாரிக்கும் இதுவே போதும்.

2. தூரப் பயணம் என்றால் 100 போடலாம், தப்பில்லை. ஆனால் புறப்படும் நேரத்துக்குச் சற்று முன் நிறையும்படி போட வேண்டும். நிறைத்துவிட்டு இரண்டு நாள் நிறுத்தி வைக்கக் கூடாது.

3. லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்ற வகை பேட்டரி 100-ஐ ஓரளவு தாங்கும். மேலும், அதில் மீதி எவ்வளவு என்பதை வண்டி சரியாகக் கணக்கிட, அவ்வப்போது முழுசாக சார்ஜ் போடச் சொல்வார்கள். மாமா வண்டி இந்த வகைதான். எந்த வகை, எத்தனை நாளுக்கு ஒரு தடவை என்பதை வண்டிப் புத்தகம் பார்த்துச் செய்ய வேண்டும்.

4. வீட்டில் மெதுவாகப் போடும் சார்ஜே பேட்டரிக்கு இதம். 15 ஆம்பியர் பிளக்கில் மணிக்குச் சுமார் 3 யூனிட் ஏறும். 18 யூனிட்டுக்கு 6 மணி நேரம், ராத்திரி போட்டால் விடிவதற்குள் முடிந்துவிடும். எர்த் சரியாக இருக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடவே கூடாது. வேக சார்ஜரில் சூடு அதிகம், அதனால் அவசரத்துக்கும் நெடும்பயணத்துக்கும் மட்டும்.

5. வேப்ப மர நிழலிலோ கொட்டகையிலோ நிறுத்தலாம். மத்தியான வெயிலில் ஓடி வந்ததும் உடனே சார்ஜ் போடாமல் கொஞ்சம் ஆற விடலாம்.

6. திடீரென்று மிதித்து, திடீரென்று பிரேக் பிடிக்காமல் ஓட்ட வேண்டும். காலை எடுத்ததும் வேகம் குறையும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறிக் கொஞ்சம் கரண்டைத் திருப்பித் தரும். டயரில் காற்று சரியாக இருந்தால் செலவு இன்னும் குறையும்.

7. பல வாரம் வண்டியை எடுக்கப் போவதில்லை என்றால் பாதி சார்ஜில் நிறுத்த வேண்டும்.

தோழிகளே! காரே இல்லாத வீட்டிலும் செல்போன் இருக்கிறது. அதையும் ராத்திரி முழுக்கத் தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடாதீர்கள். சூடு பேட்டரிக்கும் கேடு, நமக்கும் ஆபத்து. காரில் உழைத்துத் தளர்ந்த பேட்டரியைக்கூட சோலார் கரண்டைச் சேமிக்கப் பயன்படுத்த முடியும். குப்பையில் போடும் பொருள் இல்லை அது.

யோசித்துப் பாருங்கள்!

2020-இல் டாடா நெக்ஸான் மின்சாரக் கார் வந்தபோது பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1,60,000 கி.மீ. உத்தரவாதம் கொடுத்தார்கள். ஒரு முழுச் சுற்றுக்கு 180 கி.மீ. ஓடினால், 1,60,000 கி.மீ. ஓட எத்தனை சுற்று வேண்டும்? கணக்கு நோட்டில் போட்டு எடுத்து வாருங்கள். சரியான விடை அடுத்த இதழில், இதே சுவரில்!

- ஒன்பதாம் வகுப்பு மாணவி