வயலில் நிற்கும் இரு வெண்கொக்குகள்

கொழும்பு–கண்டி வீதியில் வரக்காப்பொலப் பகுதியைக் கடப்போர், இறப்பர்த் தோட்டங்களின் அடிவாரத்துப் பள்ள வயல்களில் வெண்கொக்குகள் நிற்பதைக் காண்பர். பயிரைக் கெடுப்பவை எனக் கருதி அவற்றைக் கல்லெறிந்து துரத்தும் கமக்காரரும் உளர். கொக்கு நெல்மணியை உண்பதில்லை. மேலும், அங்கு நிற்பவை யாவும் ஓரினமுமல்ல. உண்ணிக்கொக்கும் சின்ன வெண்கொக்கும் அவற்றுள் முக்கியமானவை. ஒரு குடும்பத்தனவாயினும் தொழிலால் இவை வேறுபட்டவை.

உண்ணிக்கொக்கின் அலகு மஞ்சள், கழுத்து குறுகியது, உடல் சற்றுப் பருத்தது. இனப்பெருக்கக் காலத்தில் தலை, கழுத்து, முதுகு ஆகியன செம்மஞ்சளாகும். சின்ன வெண்கொக்கு மெலிந்தது. அலகும் காலும் கறுப்பு, விரல்கள் மட்டும் மஞ்சள். இவ்விரலடையாளம் சேற்றில் மறைந்துவிடுமாதலால் அலகையே முதலில் நோக்குக. மஞ்சள் அலகுடைய நடுத்தர வெண்கொக்கும் உண்டு. அதன் கழுத்து நீண்டது.

உழும் எருமையையோ உழவியந்திரத்தையோ பின்தொடர்வது உண்ணிக்கொக்கே. பெயர் அவ்வாறிருப்பினும் உண்ணி அதற்குச் சிற்றுணவே. கலைந்தெழும் வெட்டுக்கிளி, பாச்சை, ஈ முதலியவற்றையே அது பெரிதும் பிடிக்கிறது. தவளையையும் சிலந்தியையும் தின்பதால் அதனைக் குறையற்ற நண்பன் எனல் மிகையாகும். எனினும் வெட்டுக்கிளி மலிந்த வயலில் அதன் உதவி சிறிதன்று. இதன் மேற்கத்திய உறவினம் ஆபிரிக்காவிலிருந்து தென்னமெரிக்காவை அடைந்து, 1953-இல் புளோரிடாவில் கூடு கட்டியது. மேய்ச்சல் நிலம் பெருக, அதுவும் பெருகிற்று.

சின்ன வெண்கொக்கு நீரை நாடுவது. காலால் சேற்றைக் கலக்கி, வெருண்டோடும் சிறுமீன், இறால், தவளை, நீர்ப்பூச்சி ஆகியவற்றைக் கொத்தும். இதன் மென்சிறகுகளுக்காக 19-ஆம் நூற்றாண்டில் தொப்பி வணிகர் எண்ணற்ற பறவைகளைக் கொல்வித்தனர். இந்தியாவிலிருந்து இறகு ஏற்றுமதி 1902-இல் தடைசெய்யப்பட்டது.

ஆகவே, மீன் வளர்க்கும் குட்டையில் காவல் வேண்டுவது பெரும்பாலும் கறுப்பு அலகுக்கே. குட்டையின்மேல் வலையை இறுக்கிக் கட்டுக. தளர்ந்த வலையில் பறவை சிக்கி மாளும். புதிதாக விதைத்த சேற்று வயலிலும் நாற்றுமேடையிலும் எவ்வினமும் மிதித்து முளைகளைச் சாய்க்கக்கூடும். முளை வேரூன்றும் வரை குறுக்கே கயிறு கட்டி வைத்தல் போதுமானது. உழவு நடக்கும் வயலில் துரத்த வேண்டியதில்லை. கிருமிநாசினி தெளித்த வயலில் மட்டும், நஞ்சுண்ட பூச்சிகளைப் பொறுக்காதவாறு இரு கொக்குகளையும் சில நாட்கள் விலக்கி வைத்தல் நன்று.