மட்டாஞ்சேரி மாதிரி ஒரு ஊர் வேண்டும்

2012 டிசம்பரில் முதல் கொச்சி-முசிறிஸ் பினாலே திறந்தபோது, ஃபோர்ட் கொச்சியின் ஆஸ்பின்வால் ஹவுஸில் பார்வையாளர்கள் ஒரு நகரத்தைக் குனிந்து பார்த்தார்கள். தரையோடு தரையாகக் கிடந்த குட்டி நகரம். செங்கல்லும் இல்லை, சிமென்ட்டும் இல்லை. முழுக்க உடைந்த பானை ஓடுகள். கொச்சிக்கு வடக்கே பட்டணம் என்ற கிராமத்தில் கேரள வரலாற்று ஆராய்ச்சிக் கழகம் 2007 முதல் நடத்திய அகழாய்வில் கிடைத்து, ஆய்வுக்கு வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டவை. கலைஞர் விவான் சுந்தரம் அவற்றை அடுக்கி ஒரு கற்பனைத் துறைமுகத்தை எழுப்பினார். பிறகு அதற்குள் தண்ணீரையும் மிளகையும் பாயவிட்டுப் படம் பிடித்தார். 'பிளாக் கோல்ட்', அதாவது கறுப்புத் தங்கம், என்று பெயர் வைத்தார்.

யவனர்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதாகச் சங்கப் பாடல்கள் சொல்லும் முசிறி இந்தப் பட்டணம்தான் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். மறுப்பவர்களும் உண்டு. வழக்கு எப்படித் தீர்ந்தாலும், முசிறியின் தெருக்கள் எந்தத் திசையில் ஓடின என்று சொல்ல இன்று ஆளில்லை. அகழாய்வாளர்கள் தோண்டி எடுத்த துண்டுகளை வைத்து ஒரு கலைஞர் துணிந்து பதில் சொன்னார்.

இதே துணிச்சலை வீட்டு மேசையில், தாளும் பென்சிலும் பகடையும் வைத்துக்கொண்டு காட்டுகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். டேபிள்டாப் ரோல்பிளேயிங் எனப்படும் கதை விளையாட்டு அது. 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரைப் பார்த்தவர்களுக்கு, சிறுவர்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து பகடை உருட்டும் காட்சி நினைவிருக்கும். நாலைந்து பேர் சுற்றி உட்கார, ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். "கதவைத் தட்டுகிறேன்", "காவலாளியிடம் பேரம் பேசுகிறேன்" என்று சொல்லிக்கொண்டே போவார்கள். நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் வந்தால் பகடை தீர்ப்புச் சொல்லும். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரு அமெரிக்கர்கள் 1974இல் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' மூலம்தான் இந்த விளையாட்டு பரவத் தொடங்கியது.

குகையும் புதையலும் மட்டும் என்றால் ஒருவரே ஒரு மாலையில் வரைந்துவிடலாம். குகைக்குள் இருக்கும் கேள்வியெல்லாம் இடப்பக்கமா, வலப்பக்கமா என்பதுதான். நகரம் அப்படி விடாது. உள்ளே நுழைந்த ஆட்டக்காரர் எதை வேண்டுமானாலும் கேட்பார். குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது? சுங்கம் யார் கைக்குப் போகிறது? வெளியூர்க்காரர் செத்தால் எங்கே புதைப்பார்கள்? அந்தச் சந்துக்காரர்களுக்கும் இந்தச் சந்துக்காரர்களுக்கும் ஏன் பேச்சுவார்த்தை இல்லை? ஒரே மண்டையில் உதித்த ஊர் மூன்றாவது கேள்வியிலேயே தடுமாறும். எல்லாச் சத்திரக்காரர்களும் ஒரே குரலில் பேசுவார்கள், எல்லாத் தெருக்களும் ஒரே மாதிரி மணக்கும்.

இந்தக் குறையைத் தீர்க்க முதலில் கடைச்சரக்கு வந்தது. 1976இல் ஜட்ஜஸ் கில்ட் என்ற அமெரிக்க நிறுவனம், தெருத் தெருவாகக் கடைகளைப் பட்டியலிட்ட ஒரு கற்பனை நகரத்தை வரைபடத்தோடு விற்றது. பிறகு எழுத்தாளர்கள் வந்தார்கள். ராபர்ட் ஆஸ்ப்ரின் தொகுத்த 'தீவ்ஸ் வேர்ல்ட்' நூல் 1979இல் வெளியானது. ஆளுக்கொரு நகரத்தைக் கண்டுபிடித்து நேரத்தை வீணாக்காமல், எல்லோரும் சாங்க்சுவரி என்ற ஒரே ஊருக்குக் கதை எழுதலாம் என்பது யோசனை. ஒருவர் படைத்த பாத்திரத்தை இன்னொருவர் தன் கதையில் நடமாட விடலாம். ஆனால் கேட்காமல் கொன்றுவிடக் கூடாது. கூட்டாகப் புனைகிறவர்களுக்குத் தேவையான முதல் நாகரிகம் அது. 1981இல் அதே ஊரைக் கேயாசியம் நிறுவனம் விளையாட்டுப் பெட்டியாகவும் வெளியிட்டது.

நகரத்தைக் கட்டுவதே விளையாட்டு என்ற நிலை வர இன்னும் முப்பது ஆண்டுகள் ஆயின. 2011இல் வெளியான பென் ராபின்ஸின் 'மைக்ராஸ்கோப்', 2013இல் வெளியான ஏவரி ஆல்டரின் 'தி கொயட் இயர்', அவற்றுக்குப் பின் வந்த கேரோ அசெர்சியனின் 'ஐ'ம் சாரி டிட் யூ சே ஸ்ட்ரீட் மேஜிக்' மூன்றையும் இங்கே சொல்ல வேண்டும். இவற்றில் கதையை நடத்தும் தலைவர் கிடையாது. ஸ்ட்ரீட் மேஜிக்கில் ஒருவர் ஒரு பேட்டையைச் சொல்வார், அடுத்தவர் அதற்குள் ஒரு கட்டடத்தை நிறுத்துவார், மூன்றாமவர் அங்கே ஒரு ஆளைக் குடிவைப்பார். மைக்ராஸ்கோப்பில் காலமே தலைகீழ். சாம்ராஜ்யத்தின் தொடக்கத்தையும் முடிவையும் முதலிலேயே முடிவு செய்துவிட்டு, நடுவில் எந்த நூற்றாண்டுக்கும் தாவலாம். ஒரு நகரம் எரிந்துபோனதை முதல் சுற்றில் சொல்லிவிட்டு, அது செழித்திருந்த காலத்துக்கு அடுத்த சுற்றில் திரும்பலாம்.

கூட்டு முயற்சி என்றதும் ஒரு கமிட்டி கூடி, விவாதித்து, ஒருமனதாகத் தீர்மானம் போடுவதாக நினைத்துக்கொள்ளத் தோன்றும். இந்த விதிகள் அதற்கு நேர் எதிர். மைக்ராஸ்கோப்பில் ஒருவர் யோசிக்கும்போது பக்கத்தில் இருப்பவர் யோசனை சொல்லக் கூடாது. அவர் சொன்னதுதான் வரலாறு. கொயட் இயரில் ஊர்க்கூட்டம் கூட்டலாம், ஆனால் ஆளுக்கு ஒரே முறைதான் பேச்சு, அதுவும் ஓரிரு வாக்கியம். எல்லோரும் பேசி முடித்ததும் தீர்மானம் எதுவும் கிடையாது, ஆட்டம் அடுத்தவருக்குப் போய்விடும். தன்னை யாரும் கேட்கவில்லை என்று வருந்துகிறவர், நடுவிலிருந்து ஒரு சிறு கல்லை எடுத்துத் தன் முன்னால் வைத்துக்கொள்ளலாம். வெறுப்புக் கல். அதைப் பற்றி வாதாடத் தேவையில்லை, எல்லோரும் பார்த்தால் போதும். நம் ஊர்ப் பஞ்சாயத்துகளைப் பார்த்திருப்பவர்களுக்கு இந்த விதியின் நேர்மை உடனே பிடிபடும்.

ஏன் இப்படி? நால்வரும் ஒப்புக்கொண்ட ஊரில் மூலை முடுக்குகள் மழுங்கிவிடும். ஒருவர் சொன்னதை மற்றவர் அழிக்க முடியாது, அதன் மேலேதான் கட்ட வேண்டும் என்றால், பொருந்தாத இரண்டு விஷயங்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்றே ஆக வேண்டும். அவை ஏன் சேர்ந்து நிற்கின்றன என்று விளக்கப் போகும்போதுதான் கதை பிறக்கிறது.

இதைப் புத்தகத்தில் படிப்பதைவிட மட்டாஞ்சேரியில் நடந்து பார்ப்பது சுலபம்.

போர்ச்சுகீசியர் பதினாறாம் நூற்றாண்டில் கொச்சி அரசருக்குக் கட்டிக் கொடுத்த அரண்மனை இங்கே இருக்கிறது. 1663இல் கொச்சியைப் பிடித்த டச்சுக்காரர்கள் அதைப் பழுது பார்த்ததால், இன்றைக்கு அது டச்சு அரண்மனை. உள்ளே சுவர் நிறைய ராமாயண ஓவியங்கள். கொடுங்கல்லூரில் இருக்க முடியாமல் வந்த யூதர்களுக்கு அரசர் தன் அரண்மனைப் பக்கத்திலேயே இடம் கொடுக்க, 1568இல் பரதேசி சினகாக் எழுந்தது. அதன் மறுபுறம் அரண்மனையின் பகவதி கோயில். மேசையில் யாராவது இப்படி ஓர் அமைப்பைச் சொல்லியிருந்தால், நம்பும்படியாக இல்லையே என்று மற்றவர்கள் முகம் சுளித்திருப்பார்கள்.

சினகாக்கின் தரையில் சீனாவிலிருந்து வந்த நீல வெள்ளை ஓடுகள். கையால் தீட்டியவை என்பதால் ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை என்பார்கள். சல்மான் ருஷ்டி 1995இல் எழுதிய 'தி மூர்ஸ் லாஸ்ட் சை' நாவலில் இந்த ஓடுகளையே கதை சொல்ல வைத்தார். வெளியே 1760இல் எசக்கியேல் ரஹாபி கட்டிய மணிக்கூண்டு. அரண்மனையைப் பார்த்த முகத்தில் மலையாள எண்கள், சினகாக்கைப் பார்த்த முகத்தில் எபிரேய எண்கள், வணிகர்களுக்காக ரோமானிய எண்கள். ஒரே நேரத்தை ஆளுக்கொரு எழுத்தில் படிக்கும் ஊர். ஒரு நகரத்தின் அரசியலை ஒரே கட்டடத்தில் சொல்லச் சொன்னால் இதைவிட நன்றாக யார் சொல்ல முடியும்?

போர்ச்சுகீசியர் ஆண்ட கோவாவிலிருந்து தப்பி வந்த கொங்கணிகள் செர்லாயில் குடியேறித் திருமலை தேவசுவம் கோயிலைச் சுற்றி ஒரு தனி உலகத்தை வைத்துக்கொண்டார்கள். குஜராத்திகளுக்கு ஒரு சாலை, ஜைனர்களுக்கு ஒரு கோயில், கட்சிலிருந்து வந்த மேமன் வணிகர்கள். சற்றுத் தள்ளி, ஃபோர்ட் கொச்சியின் வெளியில், டச்சுக்காரர்கள் தங்கள் துணிகளை வெளுக்க அழைத்து வந்ததாகச் சொல்லப்படும் தமிழ் வண்ணார் குடும்பங்களின் சலவைத்துறை. பஜார் ரோட்டில் மிளகும் சுக்கும் ஏலமும் அடைந்த பண்டகசாலைகள். யூதத் தெருவிலேயே மிளகுக்கான முன்பேர வணிகச் சந்தை இயங்கியது. வியாபாரிகள் கூவிக் கூவி விலை சொன்ன இடம்.

இன்னொன்று. 1653 ஜனவரி 3ஆம் தேதி சுரியானிக் கிறிஸ்தவர்கள் ஏசுசபைப் பாதிரிமார்களின் ஆட்சிக்கு இனிக் கட்டுப்பட மாட்டோம் என்று சத்தியம் செய்தது இந்த மட்டாஞ்சேரியில்தான். கூட்டம் அத்தனை பேரும் சிலுவையைத் தொட முடியாமல் போனதால் அதில் கயிறு கட்டி ஆளாளுக்குக் கயிற்றைப் பிடித்தார்கள், பாரம் தாங்காமல் சிலுவை சாய்ந்தது என்பது மரபுக் கதை. கூனன் குரிசு சத்தியம் என்று அதற்குப் பெயர் நிலைத்தது. எந்த விளையாட்டு எழுத்தாளரும் இந்தக் கயிற்றுக்காகப் பொறாமைப்படுவார்.

இந்த ஊரை யாரும் திட்டமிட்டு வரையவில்லை. ஒருவர் வியாபாரத்துக்கு வந்தார், ஒருவர் உயிருக்குப் பயந்து வந்தார், ஒருவரை வேலைக்குக் கொண்டு வந்தார்கள். ஒவ்வொருவரும் முன்னால் வந்தவர் விட்டுவைத்த இடத்தில் தங்கள் துண்டை வைத்தார்கள். கொயட் இயரின் விதிகளும் ஏறக்குறைய இதையேதான் செய்யச் சொல்கின்றன.

கொச்சிக் கரைக்கு இப்படிச் சேர்ந்து புனைவதும் புதிதல்ல. இந்தப் பகுதி லத்தீன் கத்தோலிக்கர்கள் ஆடும் சவிட்டு நாடகத்தின் புகழ்பெற்ற கதை 'காறல்மான் சரிதம்'. பிரெஞ்சுப் பேரரசன் ஷார்லமேனும் அவனுடைய பன்னிரண்டு வீரர்களும் பலகை மேடை அதிர மிதித்து ஆடுவார்கள். எழுதியவர் சின்னத்தம்பி அண்ணாவி என்பது மரபு; பாட்டு பெரும்பாலும் தமிழ் கலந்த மொழி. பார்த்தேயிராத பாரீஸை மீனவர் குடியிருப்புகள் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் மேடையில் கட்டி வந்திருக்கின்றன.

இன்றைய கதை விளையாட்டு உலகில் இந்தப் பக்கத்து ஊர்கள் நுழைந்தது அண்மையில்தான். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் 1990களிலேயே ஸ்ரீராஜி என்று இந்தியச் சாயலில் ஒரு நாடு இருந்தது; புலியும் காடும் ராட்சசனுமாக, வெளியாள் ஒருவர் தூரத்திலிருந்து பார்த்த இந்தியா. 2021இல் அதே விளையாட்டுக்காக வந்த ராவன்லாஃப்ட் நூலில் எழுத்தாளர் அஜித் ஜார்ஜ் அதைக் காலக்கேரி என்று மாற்றி எழுதினார். மகாராணி ரம்யா வாசவதனும் உடன்பிறந்தவர்களும் அரியணைக்காக ஓயாமல் போரிடும் நாடு. ராட்சசன் என்பதைவிடப் பங்காளிச் சண்டை என்றால் நமக்கு நெருக்கமாக இருக்கிறது. அஜித் ஜார்ஜுக்கு இன்னொரு முகமும் உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டம் பாலிகானப்பள்ளியில் அவர் தந்தை ஆபிரகாம் ஜார்ஜ் 1997இல் ஏழைக் குழந்தைகளுக்காகத் தொடங்கிய சாந்தி பவன் உறைவிடப் பள்ளியின் நிர்வாகத்தில் இருப்பவர் அவர்.

ராவன்லாஃப்ட் நூல் வந்த அடுத்த ஆண்டே அஜித் ஜார்ஜும் வெஸ்லி ஷ்னைடரும் தலைமையேற்று 'ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டடெல்' நூலைக் கொண்டு வந்தார்கள். வெள்ளையரல்லாத எழுத்தாளர்கள் எழுதிய 13 சாகசங்கள், நடுவில் அவற்றை இணைக்கும் ஒரு நகரம். ஒவ்வொருவரும் தன் மரபிலிருந்து ஒரு நாட்டைக் கொண்டு வந்தார்கள். கொல்கத்தாவைச் சேர்ந்த மிமி மொண்டல் வங்காளத்து ஆறுகளின் சாயலில் சங்கபூமியை எழுதினார். தாய்லாந்து இரவுச் சந்தையிலிருந்து ஒன்று, பிலிப்பைன்ஸ் தீவுகளிலிருந்து ஒன்று என்று நீள்கிறது. கதைப்படி நடு நகரத்தைக் கட்டியவை 27 நாகரிகங்கள். அவற்றில் 15தான் நூலில் தெரியவருகின்றன. மீதி 12 காணாமல் போனவை. அந்த வெற்றிடம் ஆடுகிறவர்களுக்கு. முசிறியை அங்கே வைக்க ஒரு தமிழ் மேசைக்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்குச் செலவு பெரிதல்ல. கொயட் இயருக்கு விதிநூல் போக, ஒரு பெரிய தாள், ஒரு சீட்டுக்கட்டு, சில பகடைகள், கைப்பிடிக் கற்கள், இரண்டு முதல் நான்கு பேர், மூன்று நான்கு மணி நேரம். ஒரு சீட்டு ஒரு வாரம், 52 சீட்டும் சேர்ந்தால் ஓர் ஆண்டு. ஹார்ட்டின் வசந்தம், டயமண்ட் கோடை, கிளாவர் இலையுதிர்காலம், ஸ்பேட் குளிர்காலம். நம் ஊருக்கு இந்தப் பருவங்கள் ஒத்துவராது என்றால் இளவேனில், முதுவேனில், கார், கூதிர் என்று மாற்றிக்கொள்ளலாம். படம் வரையத் தெரியாதவர்களும் வரைந்தே ஆக வேண்டும். கோணலான வட்டம்கூடக் கிணறுதான். ஸ்பேட் ராஜா எப்போது வருகிறாரோ அப்போது ஆட்டம் முடிந்தது. குளிர்காலத்தின் முதல் சீட்டாகவே அவர் வந்துவிடலாம். பாதி கட்டிய பாலம் பாதியில் நிற்கும், கூட்டத்தில் பேசிய சண்டை தீராமலே போகும். அவரோடு பனி இடையர்கள் வருகிறார்கள் என்று மட்டும் விதிநூல் சொல்கிறது. அவர்கள் யார், நல்லவர்களா கெட்டவர்களா என்று ஏவரி ஆல்டர் எழுதவில்லை.