வெளிமாநிலத்தில் டிராக்டர் வாங்கினால் வரி எங்கே கட்டுவது?

அண்டை மாநிலத்தில் விலை சற்றுக் குறைவு என்று கேள்விப்பட்டு, அங்கு சென்று டிராக்டரோ சரக்கு வண்டியோ வாங்கி வரும் உழவர்கள் உண்டு. ஓசூர்ப் பகுதியினருக்குக் கர்நாடகமும், விழுப்புரம், கடலூர்ப் பகுதியினருக்குப் புதுச்சேரியும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. வண்டி வீடு வந்து சேர்ந்த பின்னர்தான் 'இங்கும் வரி கட்ட வேண்டுமா?' என்ற கேள்வி எழுகிறது. விற்பனையின் மீதான வரி ஒன்று, சாலை வரி மற்றொன்று. இவ்விரண்டையும் பிரித்து அறிந்துகொண்டால் வீண் செலவைத் தவிர்க்கலாம்.

விற்பனையின் மீதான வரி

முன்னர் மாநிலத்திற்கு மாநிலம் விற்பனை வரி வேறுபட்டது. வெளிமாநிலத்திலிருந்து வரும் வண்டிகளுக்கு 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் நுழைவு வரியும் இருந்தது. 2017 ஜூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்ததால் இவை நீங்கின. இப்போது வரி விகிதம் நாடு முழுவதும் ஒன்றே. விவசாய டிராக்டருக்கு 12 சதவீதமாக இருந்த இவ்வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டுள்ளது.

வரி நீங்கலாக 7,00,000 ரூபாய் விலையுள்ள புதிய டிராக்டருக்கு வரி 35,000 ரூபாய். இதை எந்த மாநிலத்தில் செலுத்தினாலும் ஒரு முறை செலுத்தினால் போதும். 'எல்லை தாண்டியதற்கு மறுபடியும் விற்பனை வரி உண்டு' என்று தரகர் எவரேனும் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். ஆனால் விலைப்பட்டியலில் தங்கள் தமிழ்நாட்டு முகவரியையே எழுதச் சொல்லி, வரி தனியாகக் காட்டப்பட்டுள்ளதா என்று பார்த்து வாங்கவும்.

பழைய வண்டியை மற்றொரு விவசாயியிடமிருந்து நேரே வாங்கினால் இவ்வரி கிடையாது. பழைய வண்டி வணிகரிடம் வாங்கினால், அவருடைய இலாபத் தொகைக்கு மட்டும் வரி உண்டு.

சாலை வரி

சாலை வரி விதிக்கும் உரிமை மாநில அரசுகளிடமே உள்ளது. வண்டி எந்த மாநிலத்தில் ஓடுகிறதோ அந்த மாநிலத்திற்கு உரிய வரி இது. ஆகவே புதுச்சேரியில் ஆயுள் கால வரி கட்டிய சரக்கு வண்டியாயினும், தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாற்றும்போது இங்குள்ள விதிப்படி வரி செலுத்த வேண்டிவரும். பல மாநிலங்களில், எஞ்சிய காலத்திற்குரிய வரியைத் திரும்பப் பெற பழைய அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். இதற்கு விற்றவரின் ஒத்துழைப்பு தேவைப்படுமாதலால், விலை பேசும்போதே இதையும் பேசி முடித்துக்கொள்வது நல்லது.

பழைய வண்டி வாங்குவோர் கவனிக்க

1. படிவம் 28இல் விண்ணப்பித்துத் தடையில்லாச் சான்று பெற்றுத் தருவது விற்பவரின் பொறுப்பு. வரிப் பாக்கி இருந்தால் இச்சான்று கிடைக்காது. ஆகவே சான்று கைக்கு வரும் முன் முழுத் தொகையையும் கொடுத்துவிடக் கூடாது.

2. பதிவுச் சான்றில் வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான படிவம் 35ஐக் கேட்டு வாங்கவும்.

3. சேசிஸ் எண், என்ஜின் எண் ஆகியவற்றை வண்டியிலும் பதிவுச் சான்றிலும் ஒப்பிட்டுப் பார்க்கவும்.

4. படிவம் 29, 30 ஆகியவற்றில் விற்பவரின் கையொப்பத்தை அங்கேயே பெறவும். பின்னர் தேடிப் போவது கடினம்.

5. வாங்கிய 30 நாட்களுக்குள் தங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெயர் மாற்றத்திற்கும், படிவம் 27இல் புதிய பதிவு எண்ணுக்கும் விண்ணப்பிக்கவும்.

'வெளிமாநில எண்ணுடன் பன்னிரண்டு மாதம் ஓட்டலாம்' என்று சிலர் கூறுவர். அந்த அவகாசம் தம்முடைய வண்டியையே வேறு மாநிலத்திற்குக் கொண்டு வருவோருக்கு உரியது. வண்டியை விலைக்கு வாங்கியவருக்கு 30 நாள் கணக்கே பொருந்தும்.

விலையில் மிச்சமாகும் தொகையோடு, இங்கு கட்ட வேண்டிய சாலை வரி, பதிவுக் கட்டணம், போக்குவரத்துச் செலவு ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டுப் பாருங்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வரித் தொகையை முன்கூட்டியே கேட்டறிந்த பிறகு முன்பணம் கொடுப்பதே சிறந்தது. அதன் பின்னும் இலாபம் தெரிந்தால் தயங்காமல் வாங்கலாம்.