ரீசெட் அடிக்கும் முன், கணக்கு யார் கையில்?

போன் இழுபடுகிறது, சூடாகிறது, படம் திறக்க மறுக்கிறது என்று மலையகத்தின் எந்தச் சிறு நகரத்துப் போன் கடைக்குப் போனாலும் ஒரு கேள்வி காத்திருக்கும்: "ரீசெட் அடிச்சிருவோமா அக்கா?" ஹேவாஹெட்டயும் இதற்கு விலக்கல்ல. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரீசெட் அடித்தால் போன் புதிதாகவே இருக்கும் என்ற நம்பிக்கையும் லயத்துக்கு லயம் பரவியிருக்கிறது.

அந்த நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை. இத்தனை மாதத்துக்கு ஒருமுறை ரீசெட் செய்ய வேண்டும் என்ற விதி அண்ட்ரொய்ட் போனுக்கும் கிடையாது, ஐபோனுக்கும் கிடையாது. வேறு எதுவும் பலிக்காதபோது கையில் எடுக்க வேண்டிய கடைசி வழி அது. ஒரு போனை அதன் ஆயுள் முழுவதும் ஒருமுறைகூட ரீசெட் செய்யாமல் பாவித்தாலும் அதற்கு எந்தக் கேடும் வராது.

போனுக்குள் ஒரு குடும்பம்

2020 மார்ச்சில் கொவிட் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, தோட்டத்துப் பிள்ளைகளின் வகுப்பறை வட்ஸ்அப் குழுவுக்குள் வந்து சேர்ந்தது. பல வீடுகளில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரே போன். 2022இல் எரிபொருளுக்குக் கியூஆர் குறியீடு வந்தபோது முச்சக்கரவண்டி ஓட்டுபவரின் பிழைப்பு அவர் போனில் இருந்த ஒரு படத்தைப் பற்றிக்கொண்டிருந்தது. இன்று அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் எல்லாம் படமாக அதற்குள் கிடக்கின்றன. மத்திய கிழக்கில் வேலை செய்யும் அம்மா பிள்ளைகளுக்கு அனுப்பிய குரல் பதிவுகளும் அங்கேதான். தேயிலைத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில்தான் 1,350 ரூபாயானது. அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய போனில் இத்தனையும் இருக்கும்போது, "அடிச்சிருவோமா" என்ற கேள்விக்கு யோசிக்காமல் தலையாட்டக் கூடாது.

ரீசெட் செய்தால் போனின் உள் நினைவகத்தில் உள்ள படங்கள், செயலிகள், செய்திகள், போனில் மட்டும் பதிந்த இலக்கங்கள் அனைத்தும் போய்விடும். சிம்மில் உள்ள இலக்கங்களும் மெமரி கார்டில் உள்ள படங்களும் பொதுவாகத் தப்பும். 2015இல் வந்த அண்ட்ரொய்ட் 6 முதல், புதிய போன்கள் பெரும்பாலும் தகவலை மறைகுறியாக்கித்தான் சேமிக்கின்றன. ரீசெட் செய்யும்போது அந்தத் தகவலைத் திறக்கும் குறியீடே அழிந்துவிடுகிறது. அதன்பின் எந்தக் கடைக்காரர் நினைத்தாலும் பழைய படங்களை மீட்டுத் தருவது ஏறத்தாழ இயலாத காரியம்.

மெதுவாவது ஏன்?

ரீசெட் செய்த மறுநாள் போன் வேகமாக ஓடுவது உண்மைதான். நினைவகம் காலியாக இருக்கிறது, பின்னணியில் ஓட எதுவும் இல்லை. ஆனால் வட்ஸ்அப், பேஸ்புக், டிக்டொக் எல்லாம் திரும்பி வந்து, காலை வணக்கப் படங்களும் வீடியோக்களும் மறுபடி நிறைந்ததும் பழைய கதைதான். செயலிகள் ஆண்டுக்கு ஆண்டு கனத்துக்கொண்டே வருகின்றன, போனின் ரேம் அன்று வாங்கிய அளவிலேயே நிற்கிறது. இந்த இடைவெளியை எந்த ரீசெட்டாலும் நிரப்ப முடியாது. தேய்ந்த பேட்டரியையும் அது குணமாக்காது. பேட்டரி பழசான ஐபோன்களின் வேகத்தைத் தானே குறைத்ததாக அப்பிள் நிறுவனம் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. அந்தப் போன்களுக்குத் தேவைப்பட்டது புதிய பேட்டரி.

மலைப்பகுதியில் இன்னொரு காரணமும் உண்டு. மலைச்சரிவிலும் பள்ளத்து லயங்களிலும் சிக்னல் மெலியும்போது, தூரத்துக் கோபுரத்தை எட்ட போன் தன் அலைபரப்பும் சக்தியைக் கூட்டுகிறது. அதனால் சூடாகிறது, சார்ஜ் சீக்கிரம் இறங்குகிறது. கண்டிக்குப் போனால் நன்றாக இருக்கும் போன் வீட்டுக்கு வந்ததும் சூடாகிறதென்றால், கோளாறு பெரும்பாலும் போனில் இல்லை.

முதலில் செய்ய வேண்டியவை

வாரம் ஒருமுறை போனை அணைத்து மீண்டும் போடுங்கள். பல சிறு கோளாறுகள் அதிலேயே தீரும். வட்ஸ்அப்பின் அமைப்புகளில் சேமிப்பிடத்தை நிர்வகிக்கும் பகுதிக்குள் போனால், எந்தக் குழு எவ்வளவு இடத்தை விழுங்கியிருக்கிறது என்று காட்டும். பெரிய வீடியோக்களை அங்கிருந்தே அழிக்கலாம். படங்கள் தானாகத் தரவிறங்குவதை நிறுத்திவிட்டால் டேட்டாவும் மிஞ்சும். பாவிக்காத செயலிகளை நீக்குங்கள், மென்பொருள் புதுப்பிப்பைத் தள்ளிப்போடாதீர்கள். புதிதாகப் போட்ட ஒரு செயலிக்குப் பிறகு தொல்லை தொடங்கியிருந்தால் அதை மட்டும் அகற்றிப் பாருங்கள்.

ரீசெட்டுக்கு ஒரு செலவும் உண்டு. எல்லாச் செயலிகளையும் திரும்ப இறக்குவதற்குப் பெருமளவு டேட்டா வேண்டும். ரீலோட் போட்டுப் பாவிக்கும் குடும்பத்துக்கு அது சில நாள் இணையம்.

எப்போதுதான் செய்வது?

மூன்று சந்தர்ப்பங்களில் ரீசெட் சரியான முடிவு. முதலாவது, போனை விற்கும்போது அல்லது இன்னொருவருக்குக் கொடுக்கும்போது. இரண்டாவது, பழைய போனை வாங்கிப் பாவிக்கத் தொடங்கும்போது. மூன்றாவது, சொன்ன எல்லாவற்றையும் செய்த பிறகும் போன் அடங்காதபோது, அல்லது தீங்கு நிரல் புகுந்து போகாதபோது. அப்போதும் அது சர்வரோக நிவாரணி அல்ல. 2019இல் சுமார் 45,000 அண்ட்ரொய்ட் போன்களில் காணப்பட்ட எக்ஸ்ஹெல்பர் என்ற நிரல், ரீசெட் செய்த பிறகும் திரும்பி வந்தது. அத்தகைய போனுக்கு இயங்குதளத்தையே புதிதாக ஏற்ற வேண்டியிருக்கும்.

கைமாறும் போன் விடயத்தில் அலட்சியம் ஆபத்தானது. 2014இல் அவாஸ்ட் நிறுவனம் இணையத்தில் வாங்கிய 20 பழைய போன்களிலிருந்து 40,000க்கும் மேற்பட்ட படங்களை மீட்டெடுத்துக் காட்டியது. அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அன்றைய அண்ட்ரொய்ட் போன்கள் பலவற்றில் ரீசெட் முழுமையாக அழிப்பதில்லை என்று நிறுவினர். இன்றைய போன்கள் மேம்பட்டுவிட்டன. ஆனால் மிகப் பழைய போன்கள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அப்படி ஒன்றைக் கொடுப்பதாக இருந்தால், முதலில் பாதுகாப்பு அமைப்பில் மறைகுறியாக்கத்தை இயக்கிவிட்டு, பிறகு ரீசெட் செய்யுங்கள். மெமரி கார்டைக் கழற்ற மறக்க வேண்டாம்.

வாங்குபவருக்கும் ஒரு வார்த்தை. *#06# அழுத்தினால் போனின் 15 இலக்க ஐஎம்இஐ தெரியும். ரீசெட்டால் அது மாறாது. பணம் கொடுப்பதற்கு முன், அந்த இலக்கம் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவாகியிருக்கிறதா என்று 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பிப் பார்த்துவிடலாம்.

பூட்டிக்கொள்ளும் போன்

நம் மக்கள் அதிகம் நட்டப்படும் இடம் இதுதான். அண்ட்ரொய்ட் 5.1 முதல், திருடரிடமிருந்து காக்க ஒரு பூட்டு இருக்கிறது. பொத்தான்களை அழுத்தி ரீசெட் செய்தால், முன்பு அதிலிருந்த கூகுள் கணக்கைக் கேட்கும். சொல்லாவிட்டால் போன் திறக்காது. ஐபோனிலும் 2013 முதல் இத்தகைய பூட்டு உண்டு. ஆனால் தோட்டத்தில் பலருக்குத் தங்கள் கூகுள் கணக்கின் பெயரே தெரியாது. போன் வாங்கிய அன்று கடையில் இருந்த தம்பி தொடங்கிக் கொடுத்தது அது. பாஸ்வேர்டை அவர் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. பிறகு ஒருநாள் ரீசெட் செய்தால், தான் உழைத்து வாங்கிய போனே தனக்குத் திறக்காமல் நிற்கிறது.

ஆகவே ரீசெட்டுக்கு முன் நான்கு காரியங்கள் கட்டாயம். கூகுள் கணக்கின் முகவரியும் பாஸ்வேர்டும் சரியாக வேலை செய்கின்றனவா என்று வேறொரு போனில் சோதியுங்கள். பாஸ்வேர்டை இப்போதுதான் மாற்றினீர்களென்றால் 24 மணிநேரம் பொறுக்கும்படி கூகுள் சொல்கிறது. இலக்கங்களைக் கூகுள் கணக்கிலும், படங்களைக் கூகுள் போட்டோஸிலோ மெமரி கார்டிலோ சேமியுங்கள். வட்ஸ்அப் உரையாடல்களுக்குத் தனியாகக் காப்புப்பிரதி எடுங்கள். இவை எல்லாம் சேர்ந்து கூகுளின் இலவச 15 ஜிபிக்குள் அடங்க வேண்டும், எனவே வேண்டாதவற்றை முதலில் கழியுங்கள். நான்காவதாக, வங்கிச் செயலிக்குள் மீண்டும் நுழைய என்ன தேவை என்று கேட்டு வையுங்கள். போனைக் கைமாற்றுவதாக இருந்தால், ரீசெட்டுக்கு முன் கணக்கைப் போனிலிருந்து நீக்கிவிடுங்கள். வாங்குபவர் பூட்டில் சிக்கமாட்டார்.

காப்புப்பிரதி ரீசெட்டுக்காக மட்டும் எடுப்பதல்ல. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையில் கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் சரிந்தபோது, மக்கள் உடுத்த துணியோடு வெளியேறினார்கள். அத்தகைய நேரத்தில் பத்திரங்களின் படம் வேறோர் இடத்திலும் இருந்தால் அது ஒரு குடும்பத்துக்குப் பெரிய துணை.

போன் விற்கும் கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: பற்றுச்சீட்டோடு கணக்கின் முகவரியையும் பாஸ்வேர்டையும் எழுதிக் கொடுங்கள். வீட்டுக்குப் போனதும் பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளவும் சொல்லிக் கொடுங்கள். தோட்டத்து இளைஞர் கழகங்களும் இந்த வேலையைக் கையில் எடுக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசிகசாலையிலோ கோயில் மண்டபத்திலோ உட்கார்ந்து, பெரியவர்களின் கணக்குகளைச் சரிபார்த்து, விவரங்களை வீட்டில் பத்திரமாக வைக்கும் ஒரு கொப்பியில் எழுத உதவுங்கள். அந்த வேலை முடிந்த வீட்டில், போனை ரீசெட் செய்யலாமா என்று முடிவெடுப்பவர் கடைக்காரராக இருக்கமாட்டார், போனின் சொந்தக்காரராகவே இருப்பார்.