பழந்துவக்கும் புதுமெருகும்

துப்பாக்கி என்னும் சொல் தமிழன்று. துருக்கிய மொழியிற் பிறந்து, பல நாடு கடந்து நம்மிடம் வந்தது. ஈழத்து வழக்கில் அது 'துவக்கு' என நின்றது. சிங்கள மக்களும் 'துவக்குவ' என்றே வழங்குவர். சொல்லைப் போலவே பொருளும் நெடுவழி வந்ததே. இலண்டனிலும் பர்மிங்காமிலும் செய்த இரட்டைக்குழல் துவக்குகள் ஆங்கிலத் துரைமாருடன் மலைநாடு ஏறின. 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர் தம் வேட்டையைப் பற்றித் தனிநூலே எழுதினார். அத்தகைய துவக்கொன்று பாட்டன் கையிலிருந்து பேரன் கைக்கு வருமாயின், அவனுக்கு முதலில் எழும் எண்ணம், "தேய்த்துப் புதிதாக்குவோம்" என்பதே. இவ்வெண்ணம் தக்கதா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

மலைநாடு துருவுக்குத் தாய்வீடு. நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் பனிமூட்டத்துள் இருப்பது. ஹட்டன் பகுதியோ தென்மேற்குப் பருவமழையை நேரே ஏற்பது. துரு என்றதும் 1869இல் தோன்றிக் கோப்பிப் பயிரை அழித்த இலைத்துரு நினைவுக்கு வரும். அது பூஞ்சண நோய். இரும்பின் துருவோ ஈரமும் ஒட்சிசனும் கூடி விளைப்பது. யாழ்ப்பாணத்தார் இதனைக் 'கறள்' என்பர்.

ஆயினும் பழங்குழலின் பழுப்பு நிறம் முற்றும் பகையன்று. அக்காலக் கம்மியர் குழலை மெருகிட்டு, எண்ணெய்ப்பசை போக்கி, அமிலமும் உப்பும் சேர்ந்த நீரைப் பூசி, ஈரமான இடத்தில் வைத்துத் தாமே துருப்பிடிக்க விட்டனர். மேலெழுந்த பொடியைக் கம்பித் தூரிகையால் நீக்கி, மீண்டும் பூசினர். பன்முறை இவ்வாறு செய்ய, இரும்போடு ஒட்டிய மெல்லிய பழுப்புத்தோல் உண்டாயிற்று. கொதிநீரில் இட்டால் அச்செந்துரு கரிய ஒட்சைட்டாக மாறும். இறுதியில் எண்ணெய் பூசுவர். துருவைக் கொண்டே துருவைத் தடுத்த நுட்பம் இது.

இதனை அறியாது கைவைப்போருக்கு மூன்று கேடுகள் உண்டு. முதலாவது, உப்புத்தாளும் சாணைச் சக்கரமும் குழலில் பொறித்த சோதனை முத்திரையையும் எண்ணையும் அழித்துவிடும். பர்மிங்காமில் 1813ஆம் ஆண்டுச் சட்டத்தால் சோதனைச்சாலை அமைந்தது. அங்கு மிகைமருந்து இட்டு வெடித்துத் தாங்கிய குழலுக்கே முத்திரை கிடைக்கும். 1916ஆம் ஆண்டுச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்துடன் வைத்திருக்க வேண்டிய பொருளுக்கு எண்ணே அடையாளம். இரண்டாவது, இக்காலத்துக் காரஉப்பு வெந்நீர் முறை, இருகுழலையும் இணைக்கும் ஈயம், வெள்ளீயப் பற்றாசை அரித்துக் குழல்களைப் பிரித்துவிடும். மூன்றாவது, மேற்பரப்பு மட்டும் கடினமாக்கப்பட்ட விசைப் பகுதிகளை நெருப்பிற் காய்ச்சினால், அவ்வுரம் தளரும்.

இவற்றினும் பெரிது உயிர்க்கேடு. இரும்புப் பட்டைகளை முறுக்கிப் பற்றவைத்த பழங்குழல்கள் பல கருமருந்துக்கென்றே அமைந்தவை. துருக்குழிகளை மறையத் தேய்க்குந்தோறும் குழற்சுவர் மெலியும். பளபளப்பைக் கண்டு வலிமையென மயங்கிப் புதுத்தோட்டாவை இட்டால், குழல் பிளந்து கையும் கண்ணும் போகலாம். மெருகு வேறு, வலிமை வேறு.

கண்டியிலிருந்து 1765இல் ஒல்லாந்தர் கவர்ந்து சென்று, 2023இல் நாடு திரும்பிய பீரங்கியை நோக்குக. அது யாருடையது என உணர்த்தியவை, அதில் பொறித்த லெவ்கே திசாவையின் பெயரும் அரச சின்னங்களுமே. எவரேனும் அழகு கருதி அவற்றைத் தேய்த்திருப்பின், சான்று ஏது?

ஏட்டுச்சுவடியைப் பேணுவோர் எண்ணெய் தடவி, மை பூசி, உள்ள எழுத்தை விளங்கச் செய்வர், புதிதாய்க் கீறார். துவக்குக்கும் அந்நெறியே தக்கது. தோட்டா இல்லையென உறுதிசெய்து, எண்ணெயில் தோய்த்த மெல்லிய இரும்புப் பஞ்சால் உதிர்துருவை மட்டும் நீக்குக. ஈரம் பிடிக்கும் தோலுறையில் நெடுநாள் வையற்க. மேற்பணி வேண்டின், உரிமம் பெற்ற கம்மியரிடம் கொடுத்துக் குழற்சுவரை அளக்கச் செய்க. முன்னோர் கைபட்டுத் தேய்ந்த தேய்வும் குடும்ப வரலாறே. அதனைத் துடைத்தெறிந்துவிட்டுப் பாட்டன் சொத்து என்று பெருமை பேசுவதிற் பயனென்ன?