வெறும் லொறி குடிக்கும் டீசல்

2022 ஜனவரியில் ஒரு லீற்றர் ஒட்டோ டீசலின் விலை 121 ரூபா. அதே வருடம் ஜூன் மாத இறுதியில் அது 460 ரூபா. ஆறு மாதத்துக்குள் ஏறத்தாழ நான்கு மடங்கு. அந்த நாட்களில் லொறி வைத்திருந்தவர்கள் வரிசையில் நின்றதையும், பின்னர் கியூ.ஆர். கோட்டாவில் அளந்து வாங்கியதையும் மறந்திருக்க மாட்டார்கள். கோட்டா முறை 2023 செப்டம்பரில் நீக்கப்பட்டது. அதோடு நம்மில் பலர் கணக்குப் பார்ப்பதையும் நீக்கிவிட்டோம்.

நமது வியாபாரிகளிடம் டீசல் விலை கேட்டால் சதம் பிசகாமல் சொல்வார்கள். ஆனால் உங்கள் லொறி லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடுகின்றது என்று கேட்டால், "சாரதிக்குத்தான் தெரியும்" என்பார்கள். விலை நம் கையில் இல்லை. லீற்றர் நம் கையில் இருக்கின்றது. இந்த வாரம் அதைப் பற்றியே எழுதுகின்றேன்.

ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். பதினாலரை அடி கன்ரர் ஒன்று கொழும்பிலிருந்து மூன்று தொன் சரக்கோடு யாழ்ப்பாணம் வருகின்றது. தூரம் சுமார் 400 கிலோமீற்றர். சரக்கோடு லீற்றருக்கு 5 கிலோமீற்றர் என்றால் 80 லீற்றர். திரும்பிப் போகும்போது வெறும் லொறி. அப்போது லீற்றருக்கு 7 கிலோமீற்றர் என்று வைத்தாலும் 57 லீற்றர். மொத்தம் 137 லீற்றர். 121 ரூபா விலையில் இது 16,577 ரூபா. 460 ரூபா விலையில் 63,020 ரூபா. மூன்று தொன்னுக்கு 137 லீற்றர் என்றால் தொன்னுக்கு ஏறத்தாழ 46 லீற்றர்.

இப்போது அதே லொறி திரும்பும்போது இரண்டு தொன் ஏற்றிக்கொண்டு போகின்றது என்று பாருங்கள். லீற்றருக்கு ஐந்தரை கிலோமீற்றர் ஓடினால் திரும்பும் பயணத்துக்கு 73 லீற்றர். வெறுமையாகப் போனதைவிட 16 லீற்றர்தான் அதிகம். ஆக மொத்தம் 153 லீற்றரில் ஐந்து தொன் போய் வந்திருக்கின்றது. தொன்னுக்கு 31 லீற்றருக்கும் குறைவு. மூன்றில் ஒரு பங்கு மிச்சம். வேறு எந்த வித்தை செய்தும் டீசலில் மூன்றில் ஒரு பங்கை மிச்சம் பிடிக்க முடியாது. டயருக்குக் காற்று அடிப்பதும் பில்டர் மாற்றுவதும் இதற்குப் பிறகுதான்.

ஏற்றுவதற்கு யாழ்ப்பாணத்தில் சரக்கா இல்லை? சுன்னாகத்திலும் திருநெல்வேலியிலும் மருதனார்மடத்திலும் சந்தை கூடுகின்றது. சின்ன வெங்காயம், நீர்வேலி வாழைக்குலை, முருங்கைக்காய், புகையிலை, கருவாடு என்று பருவத்துக்குப் பருவம் ஏதோ ஒன்று தெற்கே போகக் காத்திருக்கின்றது. பழைய இரும்பு நமது ஆட்களின் கையில் உள்ள தொழில். இடம் அடைக்காமல் பாரம் நிறையும் சரக்கு அது. தம்புள்ள பொருளாதார மத்திய நிலையம் வழியில் இருக்கின்றது. புறக்கோட்டை பயண முடிவில் இருக்கின்றது.

பின் ஏன் லொறிகள் வெறுமையாக ஓடுகின்றன? காரணம் டீசல் அல்ல, இரகசியம். தான் எந்தக் கடையில் என்ன விலைக்கு எடுக்கின்றேன் என்பது பக்கத்துக் கடைக்காரருக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தில் இரண்டு பேர் இரண்டு அரை லொறிகளை அனுப்புகின்றார்கள். ஒரே இரவில், ஒரே வீதியில், ஒன்றன் பின் ஒன்றாக. பில்லைக் கடித உறையில் ஒட்டி, மூடையில் அடையாளம் மட்டும் போட்டு ஏற்றினால் யாருடைய விலையும் யாருக்கும் தெரியப் போவதில்லை. கூலியைத் தொன் கணக்கில் பிரிக்கலாம். பஞ்சு மெத்தை, பிளாஸ்டிக் வாளி போன்ற பருமனான சரக்குக்கு மட்டும் அடைத்த இடத்தின் அளவில் பிரிப்பது நியாயம். இல்லாவிட்டால் சீனி மூடை ஏற்றியவர் வாளிக்காரரின் டீசலையும் சேர்த்துக் கட்டுகின்றார்.

நமக்கென்று இன்னொரு விசேட செலவும் இருக்கின்றது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட பிறகு புத்தளத்தில் வேர்விட்ட குடும்பங்கள் பல. கடை ஐந்து சந்திப் பக்கம், பெண்டு பிள்ளைகள் புத்தளத்தில் என்று இன்றும் இரண்டு ஊரில் வாழ்பவர்கள் இருக்கின்றார்கள். வார இறுதியில் வீட்டுக்குப் போவதற்காகவே லொறியையோ பட்டாவையோ எடுத்துக்கொண்டு ஓடுவதைப் பார்க்கின்றேன். வீட்டுக்குப் போக வேண்டாம் என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் அந்தச் செலவு வியாபாரக் கணக்கில் ஏறக்கூடாது. ஏறினால் கடையில் உண்மையான இலாபம் எது, வீட்டுச் செலவு எது என்று வருடக் கடைசியில் தெரியாது. ஸகாத் கணக்குப் பார்க்கும்போதும் தடுமாற்றம்தான். நான்கு பேர் ஒரு வாகனத்தில் போகலாம். அல்லது அந்தப் பயணத்தையே சரக்குப் பயணமாக ஆக்கிக்கொள்ளலாம். புத்தளத்து உப்பும் தேங்காயும் வடக்கே விலைபோகின்ற சரக்குத்தானே.

சரக்கு நிறைந்த பிறகு அடுத்த விடயம் வேகம். இங்கே ஒரு கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். வாகனத்தை எதிர்க்கும் காற்றின் பலம் வேகத்தோடு சேர்ந்து நேராகக் கூடுவதில்லை. வேகத்தின் வர்க்கத்தில் கூடுகின்றது. 60இல் ஓடும் லொறியை 80இல் ஓட்டினால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகின்றது. காற்றின் எதிர்ப்போ ஏறத்தாழ 1.8 மடங்கு ஆகின்றது. 400 கிலோமீற்றரை 80இல் ஓடினால் ஐந்து மணித்தியாலம், 60இல் ஓடினால் ஆறு மணி நாற்பது நிமிடம். அந்த ஒரு மணி நாற்பது நிமிடத்தை வாங்குவதற்குக் கொடுக்கும் விலை டீசல். அதிலும் நமது சாரதிகள் ஏ9 வீதியில் மிதித்து ஓடிவிட்டு, விடிய முன் புறக்கோட்டைக்குப் போய்க் கடை திறக்கும் வரை படுத்துக் கிடப்பார்கள். மிச்சம் பிடித்த நேரம் தூக்கத்தில் போகின்றது.

மலைநாட்டு லொறிக்காரருக்கு ஏற்றம்தான் எதிரி. குடாநாடு தட்டை நிலம். நமக்கு எதிரி காற்று. மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை சோளகம் வீசும் காலத்தில் ஆனையிறவு வெளியைக் கடந்து தெற்கே போகும் லொறி காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு போகின்றது. மணிக்கு 20 கிலோமீற்றர் எதிர்காற்று வீசினால், லொறி 60இல் போனாலும் காற்றின் கணக்கில் அது 80. சோளகம் பகலில், அதிலும் பிற்பகலில் வேகம் கொள்ளும், இரவில் தணியும். அக்காலத்தில் தெற்கே புறப்படுவதை இரவுக்கு அல்லது சுபஹுக்கு முன் வைத்துக்கொள்வது நல்லது. வாடைக் காலத்தில் இது மறுபக்கம் திரும்பிவிடும். சரக்கோடு வடக்கே வரும்போதுதான் காற்று மறிக்கும். மாங்குளம், புளியங்குளம் பக்கத்துக் காட்டுக்குள் காற்று அவ்வளவு தெரியாது. ஆகவே வெளியான இடங்களில் மட்டும் மெதுவாகப் போனாலும் பலன் கிடைக்கும்.

காற்று என்றதும் தறப்பாள் நினைவுக்கு வருகின்றது. கயிறு தளர்ந்து தறப்பாள் படபடவென்று அடித்துக்கொண்டு போகும் லொறிகளை எத்தனை பார்க்கின்றோம்! அந்தச் சத்தம் டீசல் எரியும் சத்தம். சரக்கைக் கபினுக்கு மேலே கோபுரமாக அடுக்குவதும் அப்படித்தான். உயரத்தைக் குறைத்துப் பின்பக்கம் வரை பரப்பி அடுக்கினால் அதே பாரம் இலேசாகப் போகும். திரும்பும்போது லொறி வெறுமையாக இருந்தால் தறப்பாளை மடித்துக் கட்டிவிட வேண்டும். காற்றுப் பிடித்த பாய்மரம் போல அதை உப்பவிட்டுக்கொண்டு ஓடக்கூடாது.

டயரைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. டயர்களில் 10 பி.எஸ்.ஐ. குறைந்தால் டீசல் செலவு ஒரு சதவீதமளவு கூடும் என்பது கனரக வாகனங்களுக்குச் சொல்லப்படும் பொதுவான மதிப்பீடு. அது சிறு தொகைதான். பெரிய நட்டம் வேறு இடத்தில் இருக்கின்றது. பின்னால் உள்ள இரட்டை டயரில் ஒன்று காற்று இறங்கினால் மற்றது முழுப் பாரத்தையும் தாங்கிச் சூடேறி வெடிக்கும். தட்டிப் பார்த்து அளக்காமல், டயர் ஆறியிருக்கும்போது மானி வைத்து அளக்க வேண்டும்.

நின்ற இடத்தில் எஞ்சின் ஓடுவது இன்னொரு ஓட்டை. 2002க்குப் பின் ஏ9 திறந்திருந்த காலத்தில் ஓமந்தையிலும் முகமாலையிலும் லொறிகள் வரிசையில் நின்று நின்று ஊர்ந்தன. எப்போது நகரும் என்று தெரியாததால் எஞ்சினை நிறுத்தாமல் வைத்திருப்பது அந்தக் காலத்துப் பழக்கம். சோதனைச்சாவடிகள் போய்விட்டன, பழக்கம் போகவில்லை. கன்ரர் அளவு வாகனம் நின்றுகொண்டே மணிக்கு ஒரு லீற்றர் வரை எரிக்கும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கடை போடும் நமது ஆட்களுக்கு லொறிதான் வீடு, குசினி, களஞ்சியம் எல்லாம். இரவில் மின்விசிறிக்கும் மின்குமிழுக்குமாக எஞ்சினை ஓடவிடுபவர்கள் தனியாக ஒரு பற்றரியை வைத்து, பகலில் சிறிய சூரியத் தகட்டால் அதை ஏற்றிக்கொள்ளலாம். லொறியின் சொந்தப் பற்றரியில் இழுத்தால் காலையில் தள்ள ஆள் தேட வேண்டும்.

இனி, மிச்சம் என்று நினைத்துச் செய்யும் சில காரியங்கள். டீசலில் மண்ணெண்ணெய் கலப்பது அதில் முதலாவது. 1990களில் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் கார்களே மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அது வேறு வழியில்லாத காலம்; அவை பழைய பெற்றோல் எஞ்சின்கள். டீசல் எஞ்சினின் பம்புக்கு டீசலே எண்ணெய். மண்ணெண்ணெய் மெல்லியது, பம்பும் இன்ஜெக்டரும் உராய்ந்து தேயும். புதிய கொமன் ரெயில் எஞ்சின்களில் அந்தத் திருத்தச் செலவு பல மாதத்து மிச்சத்தை ஒரே நாளில் விழுங்கும். அதுவுமன்றி, 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தபோதே கலப்பதற்கான காரணத்தில் பாதி போய்விட்டது.

இறக்கத்தில் நியூற்றலில் விடுவது இரண்டாவது. கியரில் இருக்கும்போது காலை எடுத்தால் பம்பு டீசலை நிறுத்திவிடுகின்றது. சக்கரமே எஞ்சினைச் சுழற்றுகின்றது. நியூற்றலில் விட்டால் எஞ்சின் தானாக ஓட டீசல் தேவை. மிச்சமும் இல்லை, பிரேக்கும் சூடேறும். மூன்றாவது, அதிகாலைக் குளிரில் அடித்தால் டீசல் கூடுதலாகக் கிடைக்கும் என்ற நம்பிக்கை. டீசல் ஒரு பாகை வெப்பத்துக்கு 0.08 சதவீதமளவே விரியும். 60 லீற்றரில் ஐந்து பாகை வித்தியாசம் என்றாலும் ஒரு தேநீர்க் கோப்பை அளவுதான். நிலத்தடித் தாங்கியில் அந்த ஐந்து பாகை வித்தியாசமும் வருவதில்லை.

எதைச் செய்தாலும் அளந்து பார்த்தால்தான் தெரியும். தாங்கியை வாய்மட்டம் நிரப்பிப் புறப்படுங்கள். திரும்பி வந்து அதே நிலையத்தில் அதே மட்டம் நிரப்புங்கள். இரண்டாவது முறை அடித்த லீற்றர்தான் செலவு. கிலோமீற்றர் மானி செத்துப்போன லொறிகள் நம்மிடம் நிறைய. வீதியோரக் கிலோமீற்றர் கற்கள் சாகவில்லை. ஒவ்வொரு பயணத்துக்கும் கொப்பியில் நான்கு விபரம் போதும்: தூரம், போன பாரம், வந்த பாரம், லீற்றர். பத்துப் பயணம் எழுதினால் எந்த மாதத்தில் ஏன் கூடியது என்று கொப்பியே சொல்லும். வழக்கத்தைவிட மிச்சமாகும் லீற்றரில் பாதியைச் சாரதிக்குக் கொடுத்துவிடுங்கள். "நானா, இந்தத் தரம் ஆறு லீற்றர் மிச்சம்" என்று அவராகவே வந்து சொல்லும் நிலை வந்தால், தாங்கியில் குழாய் போட்டு உறிஞ்சும் பேச்சே இருக்காது. சாரதியைச் சந்தேகத்தால் காவல் காப்பது எனக்குப் பிடித்த முறையல்ல. அதற்கு நேரமும் காணாது.

கடைசியாக, லேண்ட்மாஸ்டரிலும் உழவு இயந்திரத்திலும் பெட்டி பூட்டி ஓட்டுபவர்களுக்கு. குடாநாட்டுக்குள் சீமெந்தும் விறகும் மீனும் போவது பெரும்பாலும் பெட்டியில்தான். சந்தைக்குச் சந்தை சில மைல்கள் என்பதால் வேகமும் காற்றும் இங்கே பேச்சல்ல. சக்கரம் இலேசாகச் சுழல்கின்றதா என்பதே பேச்சு. பாரத்தை அச்சுக்குச் சற்று முன்னால் வையுங்கள். பின்னால் போனால் பெட்டி ஆடும், கொழுவி இழுபடும். மிகவும் முன்னால் போனால் முழுப் பாரமும் கொழுவியில் இறங்கி, உழவு இயந்திரத்தின் முன் சக்கரம் நிலத்தில் பிடிக்காது. மாதம் ஒரு தரம் வெறும் பெட்டியை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பாருங்கள். கரகரவென்று சத்தம் கேட்டாலோ, சுழன்று முடியாமல் சட்டென்று நின்றாலோ பெயாரிங்கில் கிறீஸ் இல்லை. குருநகர், பாசையூர், நாவாந்துறைக் கரைகளில் மீன் ஏற்றும் பெட்டிகளுக்கு மாதம் ஒரு தரம் போதாது. உப்புத் தண்ணீர் உள்ளே போனால் கிறீஸ் வெள்ளையாகக் கரைந்திருக்கும். அதைத் துடைத்தெறிந்துவிட்டுப் புதிதாக அடைக்க வேண்டும். கிறீஸின் விலை மூன்று நான்கு நாள் டீசலில் வந்துவிடும்.