ஆயிரம் ரூபாயும் கம்பெனி பஸ்ஸும்

சிங்கப்பெருமாள் கோவிலில் ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து ஒரகடம் ரோடு பிரியும் இடத்தில் விடியற்காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிடும். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பை, பைக்குள் டிபன் பாக்ஸ். தள்ளி நின்று பார்த்தால் எல்லோருமே கல்லூரிக்குப் போகிற பெண்களாகத்தான் தெரிவார்கள். பஸ் வந்து நின்ற பிறகுதான் விஷயம் புரியும். சிலர் செங்கல்பட்டு, பொத்தேரி பக்கம் படிக்கப் போகிறவர்கள். பலர் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள். வயது என்னவோ இரண்டு பக்கமும் ஒன்றுதான்: பதினெட்டு, பத்தொன்பது.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் இந்தப் பகுதி வீடுகளில் நடக்கிற பேச்சும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 'மேலே படிக்க வைப்பதா, கம்பெனிக்கு அனுப்புவதா?' அந்தப் பேச்சில் கல்லூரியின் பக்கம் நின்று வாதாட அரசு அனுப்பிய ஆள்தான் புதுமைப் பெண் திட்டம். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண், பட்டப்படிப்போ, பாலிடெக்னிக்கோ, ஐ.டி.ஐ-யோ சேர்ந்தால் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் நேராக அவள் வங்கிக் கணக்குக்கு வரும். 2022 செப்டம்பர் 5 அன்று சென்னை பாரதி மகளிர் கல்லூரியில் தொடங்கி வைக்கப்பட்டது. 2024 டிசம்பரில், அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்த பெண்களுக்கும் நீட்டித்தார்கள். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது உண்டு. விண்ணப்பம் கல்லூரி வழியாகவே போகும் என்பதால், சேர்ந்த உடனே அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

இந்தத் திட்டத்தின் முன்கதை எனக்கு மிகவும் பிடிக்கும். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989-ல் தொடங்கியது திருமண உதவித் திட்டம். பின்னாளில் பணத்தோடு தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. 2022 பட்ஜெட்டில் அதை அப்படியே திருப்பிப் போட்டு, 698 கோடி ரூபாய் ஒதுக்கி, உயர்கல்வி உறுதித் திட்டமாக்கினார்கள். தேவதாசி முறையை எதிர்த்து வாழ்நாள் முழுக்கப் போராடிய ஒருவரின் பெயர், தாலியைவிடக் கல்லூரிக் கட்டணத்துக்குத்தான் பொருத்தம்.

சரி, ஆயிரம் ரூபாய் போதுமா? கம்பெனிச் சம்பளம் அதைப்போல் பல மடங்கு. அதோடு வாசலுக்குப் பக்கத்திலேயே பஸ், கேன்டீனில் சாப்பாடு. அப்பாவுக்கு உடம்பு சரியில்லாத வீட்டில், தம்பி இன்னும் பள்ளியில் இருக்கிற வீட்டில், இதற்கு மேல் வாதம் நடக்காது. அப்படிக் கம்பெனி பஸ் ஏறுகிற பெண்ணைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. நாட்டில் ஆலைகளில் வேலை செய்யும் பெண்களில் 100-க்கு சுமார் 43 பேர் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள் என்கிறது 2019-20 ஆலைகள் கணக்கெடுப்பு. உயர்கல்விச் சேர்க்கையிலும் நாம் முன்னால்தான்: 2021-22 கணக்கில் தேசிய விகிதம் 28.4, நமக்கு 47. இரண்டு பெருமைகளும் நம்முடையவை. ஆனால், ஒரே பெண்ணுக்கு இரண்டும் கிடைக்கிறதா?

அங்கேதான் ஒரு சின்ன விதி குறுக்கே நிற்கிறது. புதுமைப் பெண் திட்டம், அஞ்சல்வழியிலும் தொலைதூரக் கல்வியிலும் படிப்பவர்களுக்குக் கிடையாது. பகலில் கல்லூரிக்குப் போகிறவளுக்கு ஆயிரம் ரூபாய் உண்டு. அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பிளஸ் டூ முடித்து, வீட்டுக்காக ஷிஃப்டுக்குப் போய், ராத்திரி அறைக்குத் திரும்பி தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பாடப் புத்தகத்தைப் பிரிக்கிறவளுக்கு இல்லை. தொலைதூரக் கல்வியில் பெயருக்குச் சேர்ந்து பணம் வாங்குவார்கள் என்ற பயம் காரணமாக இருக்கலாம். நியாயமான பயம்தான். அதற்கு, தேர்வு எழுதித் தேறிய பிறகு கொடுங்கள் என்று ஒரு வரி சேர்த்தால் போதுமே.

நோக்கியா சொன்ன பாடம்

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது? இந்த வட்டாரத்துக்கு ஒரு பழைய காயம் உண்டு. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா உற்பத்தியைத் தொடங்கியது. ஆயிரக்கணக்கானோர் வேலை செய்த அந்த ஆலையில் இளம் பெண்கள்தான் அதிகம். பிளஸ் டூ முடித்த கையோடு சேர்ந்தவர்கள் ஏராளம். 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. எட்டு வருடம் நாள் முழுக்க போன் செய்த கைகளில் அப்போது இருந்த சான்றிதழ், பலருக்கும் அதே பிளஸ் டூ மார்க் ஷீட்தான்.

ஆலை மூடாவிட்டாலும் வயது ஏறுகிறது, கல்யாணம் வருகிறது. ஸ்ரீபெரும்புதூர் அருகே உள்ள ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் அசெம்ப்ளி வேலைக்குத் திருமணமான பெண்களை எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் மறுத்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. அந்த விவகாரம் எப்படியோ போகட்டும். இருபத்தாறு, இருபத்தேழு வயதில் வேறு வேலை தேடும் பெண்ணிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி, 'என்ன படிச்சிருக்கே?' என்பதுதான்.

படிப்பு கொடுப்பது பட்டம் மட்டும் இல்லை. கல்லூரிக்குள் நுழைகிற பெண்ணுக்கு, அவள் அறியாமலே சில உரிமைகள் கூடவே வருகின்றன. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 விதிகளின்படி, ஒவ்வொரு கல்லூரியிலும் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க உள் புகார்க் குழு இருக்க வேண்டும். தலைமை ஒரு மூத்த பெண் பேராசிரியர். மாணவர் சம்பந்தப்பட்ட புகாராக இருந்தால், தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று மாணவர்களும் குழுவில் உட்கார வேண்டும். 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். குழு இருந்தால் மட்டும் வளாகம் பத்திரமாகிவிடாது என்பதை அண்ணா பல்கலைக்கழகத்தில் 2024 டிசம்பர் 23 இரவு நடந்த கொடுமை காட்டியது. அந்த மாணவி துணிந்து புகார் கொடுத்தார். எஃப்.ஐ.ஆர். கசிந்து அவர் விவரங்களே வெளியே வந்தன. அவர் பின்வாங்கவில்லை. ஐந்தே மாதத்தில் மகளிர் நீதிமன்றம் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது.

கம்பெனிக்குப் போகிற பெண்ணுக்கும் இதே பாதுகாப்பு 2013 சட்டத்தில் இருக்கிறது. இதைப் படிக்கிற அம்மாக்கள், மகளிடம் தயவுசெய்து சொல்லிவையுங்கள். பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் உள் புகார்க் குழு கட்டாயம். கான்ட்ராக்டில் எடுத்தவர்களுக்கும் சட்டம் பொருந்தும். 'பணியிடம்' என்பதில் கம்பெனி ஏற்பாடு செய்த பஸ்ஸும் சேர்த்தி! சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். எழுத முடியாதவருக்கு எழுத உதவுவது குழுவின் கடமை. குழுவே அமைக்காத நிறுவனத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். புகார் முதலாளி மீதே என்றால், மாவட்ட அளவில் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் போகலாம்.

கல்லூரியில் இதையெல்லாம் ஒரு வகுப்பிலோ கூட்டத்திலோ யாராவது சொல்லிவிடுகிறார்கள். அசெம்ப்ளி லைனில் யார் சொல்வது?

பக்கத்திலேயே இருக்கிறது

சொல்லக்கூடியவர்கள் தூரத்தில் இல்லை என்பதுதான் வேடிக்கை. பெண்கள் பற்றிய ஆய்வுக்கென்று நாட்டிலேயே முதலில் மையம் தொடங்கியது மும்பை எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகம், 1974-ல். தமிழ்நாட்டில் 1984-ல் கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் வந்தது. அவ்வளவு உயரத்துக்குப் போக வேண்டாம். ஸ்ரீபெரும்புதூரிலேயே, தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் என்று நாடாளுமன்றச் சட்டம் அறிவித்த ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம் இருக்கிறது. பாலினம் குறித்து முதுகலைப் படிப்பே நடத்திய இடம் அது. அந்த வகுப்பறையும் அசெம்ப்ளி லைனும் ஒரே ஊர்ப் பெயரில்தான் கடிதம் வாங்குகின்றன.

2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு விஷமாகி, ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனதும், தோழிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்ததும் நினைவிருக்கும். அதன் பிறகுதான் பெண் தொழிலாளர்கள் தங்கும் இடங்கள் பற்றி நாடே பேசியது. 2024 ஆகஸ்ட் 17 அன்று, வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. ஒரு நடுத்தரப் பல்கலைக்கழகத்தின் அளவுக்கு இளம்பெண்கள் ஒரே வளாகத்தில்! கீழ்த்தளத்தில் ஒரு திறந்தநிலைப் பல்கலைக்கழகக் கல்வி மையமும், வாரம் ஒருநாள் சட்டம் சொல்லித்தரப் பக்கத்துக் கல்லூரி ஆசிரியர் ஒருவரும் இருந்தால், கூடுதலாக ஒரு கட்டடம்கூடக் கட்ட வேண்டாம்.

கம்பெனிகள் செய்ய வேண்டியது இதைவிடச் சின்னது. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கும். தேர்வு அட்டவணை முன்கூட்டியே வந்துவிடும். ஷிஃப்ட் அட்டவணையோ வாரத்துக்கு வாரம் மாறும். பணம் கட்டி, புத்தகம் படித்து, ஹால் டிக்கெட்டும் கையில் வைத்திருக்கிற பெண்ணுக்கு அந்த நான்கைந்து நாள் காலையில் வேண்டியது, லீவு சீட்டில் சூப்பர்வைசரின் ஒரு கையெழுத்து.